ஒரு பழைய காசெட்டிலிருந்து 'எம்': துப்பறியும் படத்தை வீட்டிலேயே சீர்செய்யும் முறை

என் அளவுகோல் ஒரு கைரேகை. இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் 1931-ல் பெர்லினில் எடுத்த 'எம்' படத்தில், கொலைகாரனின் விரல் ரேகையைப் போலீசார் பெரிதாக்கி வைத்து ஆராயும் காட்சி ஒன்று வருகிறது. வளைந்து வளைந்து போகும் அந்தக் கோடுகள் தனித்தனியாகத் தெரிகிற வரைக்கும் என் வேலை சரியான பாதையில் போகிறது என்று வைத்துக்கொள்வேன். கோடுகள் குழைந்து சாம்பல் வட்டமாக மாறிவிட்டால், அன்று செய்த அத்தனையையும் அழித்துவிட்டு முந்தைய நாளின் கோப்பிலிருந்து மறுபடி தொடங்குவேன்.

கோயம்புத்தூரில் 22 ஆண்டுகளாகத் திருமண காசெட்டுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். என்னிடம் இந்தப் படம் வந்த வழியும் அதுதான். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மகளின் திருமண நாடாக்களோடு இன்னொரு காசெட்டையும் மேசைமேல் வைத்தார். 1980-களில் மேற்கு ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியிலிருந்து அவரே பதிவு செய்தது. "முடிந்தால் பாரம்மா, முடியாவிட்டாலும் பரவாயில்லை" என்றார். இந்தியாவும் மேற்கு ஜெர்மனியும் பால் (PAL) என்ற ஒரே தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியதால், 625 வரி, நொடிக்கு 25 பிரேம் என்று எல்லாம் ஒத்துப்போய், எங்கள் டெக்கில் (காசெட்டை ஓட்டும் கருவியில்) போட்டதும் ஓடியது.

இந்தப் படத்துக்கு முறையாகச் சீரமைத்த புளூ-ரே கடைகளில் கிடைக்கிறது. படம் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் அதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு, நல்ல வட்டு ஏற்கெனவே இருக்கும் ஒரு படத்தில் கைவைப்பதுதான் சிறந்த தொடக்கம் என்பேன். ஒவ்வொரு காட்சியையும் முடித்த பிறகு வட்டைப் போட்டு ஒப்பிடலாம். எங்கே தப்பு செய்தோம் என்பது அன்றே தெரிந்துவிடும். வேறெங்கும் பிரதி கிடைக்காத ஒரு படத்தில் முதல் தப்பைச் செய்துவிட்டால் அதைச் சுட்டிக்காட்ட எதுவும் இருக்காது.

வேலைக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தி நாடாவின் கறைகளுக்கு: வெள்ளைக் கீற்றுகள், அடியில் நெளியும் வரிகள், நிற இரைச்சல். இரண்டாவது, தொலைக்காட்சிக்குப் போன பிலிம் பிரதியின் கறைகளுக்கு: தூசி, நீளக் கீறல், ஒட்டுப்போட்ட இடங்களில் ஒரு குதிப்பு. மூன்றாவது, படமெடுத்தவர்களே வைத்தவற்றுக்கு: இருட்டு, புகை, மௌனம். திரையில் ஏதாவது உறுத்தினால், அது எந்தப் பத்திக்குரியது என்று எழுதிய பிறகே படத்தைத் திருத்தும் மென்பொருள் கருவியான ஃபில்டரைத் தொடுங்கள். முதல் பத்தியில் இருப்பதைத் தயங்காமல் நீக்கலாம். இரண்டாவதை யோசித்து நீக்க வேண்டும். மூன்றாவதைத் தொடவே கூடாது. இந்த ஒழுங்கைப் பிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அதற்குள் இரண்டு வாரத்தை வீணாக்கினேன். அந்தக் கதையை ஒலியைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

காசெட்டும் டெக்கும்

காசெட்டின் சன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி போலப் படிந்திருந்தால் அது பூஞ்சை. அப்படியே டெக்கில் போட்டால், நாடாவைப் படிக்கும் ஹெட் கெடும். அடுத்துப் போடும் நல்ல நாடாவும் கெடும். பூஞ்சை இல்லையென்றால், பின்பக்க விளிம்பில் உள்ள பதிவுத் தடுப்புப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் நாடா பிழைக்கும். ஒரு முறை கடைசிவரை ஓட்டி, மறுபடி முழுவதும் பின்னால் சுற்றுங்கள். பல ஆண்டுகள் ஒரே இறுக்கத்தில் கிடந்த நாடா அப்போதுதான் சீராகத் தளரும்.

டெக்கைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். விஎச்எஸ்ஸின் மேம்பட்ட வகையான பழைய எஸ்-விஎச்எஸ் டெக் கிடைத்தால் எடுங்கள். அதில் எஸ்-வீடியோ வெளியீடு இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எந்தக் கம்பி இருந்தால் என்ன என்று கேட்பார்கள். மஞ்சள் முனைக் கம்பியில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வரும். நெருக்கமான கோடுகள் உள்ள கோட்டுத் துணியில் வானவில் மினுக்கம் தோன்றுவது அதனால்தான். எஸ்-வீடியோவில் இரண்டும் தனித்தனியாக வருகின்றன. நிறத்தை முழுவதுமாகத் தூக்கி எறிந்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நேரத் திருத்தி. நாடா ஓடும்போது ஒவ்வொரு வரியும் இம்மியளவு முன்பின்னாகத் தொடங்கும். கதவு நிலை, தெருவிளக்குக் கம்பம் போன்ற நேர்க்கோடுகள் பாம்பு போல நெளியும். இதைக் கணினியில் ஏற்றிய பிறகு சரிசெய்வது அநேகமாக இயலாது. டெக்கிலேயே இந்த வசதி இருக்க வேண்டும்; இல்லையேல் டெக்குக்கும் கணினிக்கும் நடுவே அதைச் செய்யும் கருவி ஒன்று வேண்டும். தனிக் கருவி விலை அதிகம். சில பழைய டிவிடி ரெக்கார்டர்கள் வழியாகச் செலுத்தினாலும் நெளிவு பெருமளவு அடங்கும். நான் அப்படித்தான் செய்தேன்.

கணினியில் ஏற்றுவது

720-க்கு 576 அளவில், இழப்பில்லாத ஹஃப்ஒய்யுவி முறையில் ஏற்றினேன். மணிக்கு 35 ஜிபி போல இடம் பிடிக்கும். அதற்குத் தயங்கி முதலிலேயே சுருக்கிப் பதிவு செய்யாதீர்கள். நாடா இரைச்சலோடு சுருக்கத்தின் கட்டங்களும் சேர்ந்துகொண்டால் பிறகு இரண்டையும் பிரிக்க வழியில்லை. வெளிச்ச அளவு 16-க்கும் (கறுப்பு) 235-க்கும் (வெள்ளை) இடையில் நிற்கிறதா என்று மென்பொருள் காட்டும் வெளிச்ச வரைபடத்தில் பாருங்கள். பெர்லின் தெருவிளக்குகள் வெள்ளையாக எரிந்துபோய்ப் பதிவாகிவிட்டால், உள்ளே இருந்த விவரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பொறுமை இருந்தால் ஒரே நாடாவை மூன்று முறை ஏற்றுங்கள். மூன்று கோப்புகளையும் பிரேம் பிசகாமல் அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று மதிப்புகளில் நடுவில் இருப்பதை மட்டும் எடுக்கும்படி, கட்டளை எழுதி வீடியோவைத் திருத்தும் ஏவிசிந்த் மென்பொருளில் எழுதலாம். ஒரு ஓட்டத்தில் மட்டும் வந்த கீற்று மற்ற இரண்டிலும் இருக்காது என்பதால் தானாகவே விழுந்துவிடும். இரைச்சலும் குறையும். எந்த ஃபில்டரும் கற்பனை செய்து நிரப்பாத, நாடாவில் உண்மையாகவே இருந்த படம் கிடைப்பதால் எனக்கு இந்த முறைமேல் தனிப் பிரியம். நாடாவிலேயே பூச்சு உதிர்ந்த இடத்தில் மூன்று ஓட்டத்திலும் ஒரே கீற்று வரும். அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

ஃபீல்டுகளும் வேகமும்

நான் பார்த்தவரை பலரும் சறுக்கும் இடம் இது. வீடியோவில் ஒரு பிரேம் இரண்டு பாதிகளாக, அதாவது இரண்டு ஃபீல்டுகளாக வருகிறது. திருமண வீடியோவில் இரண்டு பாதிகளும் வெவ்வேறு கணத்தில் எடுக்கப்பட்டவை. அதனால் அவற்றைப் பிரித்து இடைவெளியை நிரப்ப வேண்டும். பிலிமிலிருந்து வந்த படத்தில் இரண்டு பாதிகளும் ஒரே பிலிம் பிரேமுக்குச் சொந்தம். அங்கே அதே திருமண வழக்கத்தில் பாதிகளைப் பிரித்து நிரப்பினால் (டீஇன்டர்லேஸ் செய்தால்), இருக்கும் விவரத்தில் ஒரு பங்கைக் காரணமே இல்லாமல் தொலைக்கிறோம். அசையும்போது சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால், ஒளிபரப்பில் பாதிகள் ஒரு படி தள்ளி இணைந்திருக்கின்றன என்று பொருள். சரியான ஜோடியைத் தேடிச் சேர்க்கும் ஃபில்டர் ஒன்றே போதும்.

சரிபார்க்க ஒரு காட்சி இருக்கிறது. காணாமல் போன சிறுமி எல்ஸியின் பலூன் தந்திக் கம்பிகளில் சிக்கித் துடிக்கும் காட்சி. தப்பான முறையில் பிரித்தால் அந்த மெல்லிய கம்பிகள் விட்டு விட்டு மினுக்கும். சரியாகச் சேர்த்தால் அசையாமல் நிற்கும். நான் இந்தக் காட்சியை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் மனம் கனத்தது.

படம் நொடிக்கு 24 பிரேம். பால் தொலைக்காட்சி அதை 25-ஆக வேகப்படுத்தி ஓட்டும். எனவே காசெட்டில் படம் 4 சதவீதம் சீக்கிரம் முடிகிறது. குரல்கள் ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்து ஒலிக்கின்றன. பிரேம்களைத் தொடாமல் வேகத்தை மட்டும் 24 என்று மாற்றி எழுதுங்கள். ஒலியை 96 சதவீத வேகத்துக்கு இறக்குங்கள். சுருதியைப் பிடித்து நிறுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். சுருதியும் கூடவே இறங்க வேண்டும். இன்ஸ்பெக்டர் லோமனாக வரும் ஓட்டோ வெர்னிக்கேயின் கனத்த குரலை இறக்குவதற்கு முன்பும் பின்பும் கேட்டுப் பாருங்கள். மனிதரே இன்னும் பருமனாகத் தெரிவார்.

படத்தின் அளவு

'எம்' படத்தின் திரைச்சட்டகம் ஏறக்குறையச் சதுரம்: அகலம் 1.19, உயரம் 1. ஊமைப் பட பிலிமின் முழு அகலத்தில் ஒரு பக்கத்தை ஒலித்தடம் எடுத்துக்கொண்டதால் படம் அகலத்தில் குறுகிவிட்டது. சில ஆண்டுகள் மட்டுமே புழங்கிய இந்த அளவைப் பிற்காலக் கருவிகள் மதிக்கவில்லை. மேலும் கீழும் வெட்டி, அகலமாகக் காட்டின. பேராசிரியரின் காசெட்டிலும் தலைகள் வெட்டுப்பட்டிருந்தன. வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். பக்கவாட்டில் நசுக்கி 1.19 ஆக்கிவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். முகங்கள் நீண்டுவிடும். உங்கள் பிரதி நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வட்டமான பொருள் எது கிடைத்தாலும் போதும். எல்ஸி தட்டி விளையாடும் பந்தைத் திரையில் அளந்து பார்த்தேன். உயரமும் அகலமும் ஒத்திருந்தன, அப்படியே விட்டேன். அடியில் நெளியும் சில வரிகளை மட்டும் கறுப்புப் பட்டையால் மூடினால் போதும்.

தூசி, கீறல், இருட்டு

தூசியை நீக்கும் ஃபில்டர், ஒரு பிரேமில் மட்டும் இருந்து முன்னும் பின்னும் இல்லாத புள்ளியைத் தூசி என்று முடிவு செய்கிறது. வேகமாகத் துள்ளும் பந்தும் அதற்குத் தூசிதான். முதல் முறை நான் ஓட்டியபோது எல்ஸியின் பந்து பாதி வழியில் மறைந்து மறைந்து வந்தது. அதனால் படம் முழுவதற்கும் ஒரே அளவில் வைக்காமல், காட்சி காட்சியாக வலுவை மாற்றுங்கள். அசைவு மிகுந்த இடத்தில் ஃபில்டரை அணைத்துவிட்டு, கண்ணை உறுத்தும் பெரிய புள்ளிகளை மட்டும் கையால் அழியுங்கள். 100 நிமிடப் படத்தில் 1,44,000 பிரேம்கள் உண்டு. எல்லாவற்றையும் கையால் துடைக்க எந்த வீட்டிலும் ஆயுள் போதாது. நான் 600 பிரேம்களோடு நிறுத்திக்கொண்டேன்.

போலீஸ் அதிகாரிகளின் கூட்டத்தையும் குற்றவாளிகளின் கூட்டத்தையும் மாற்றி மாற்றிக் காட்டும் நீண்ட பகுதியில் அறை முழுக்கச் சுருட்டுப் புகை. இரைச்சல் நீக்கியைக் கொஞ்சம் அழுத்தினாலும் புகை படிக்கட்டு படிக்கட்டாக உடையும். அங்கே நான் வைத்த அளவு, மற்ற காட்சிகளில் வைத்ததில் பாதி. விஎச்எஸ் நாடாவில் பிலிமுக்கே உரிய மணல்துகள் போன்ற புள்ளிகள் பெரும்பாலும் தங்குவதில்லை. கிடைமட்டத்தில் 240 வரிகள் அளவுக்குத்தான் அது விவரத்தைப் பிடிக்கும். துடிப்பாகத் தெரிவது அநேகமாக நாடாவின் இரைச்சல். ஆகவே மென்மையாகக் குறைப்பதில் தவறில்லை. அளவை மீறும்போது கைரேகை உங்களுக்குச் சொல்லிவிடும்.

செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள்களை இந்த வேலைக்கு நான் பயன்படுத்துவதில்லை. படத்தின் தொடக்கத்தில் முற்றத்தில் குழந்தைகள் வட்டமாக நின்று பாட்டுப் பாடி விளையாடுவதை மேலிருந்து காட்டுகிறார்கள். நாடாவில் அந்த முகங்கள் சில புள்ளிகள் மட்டுமே. மென்பொருள் அங்கே கண்ணையும் மூக்கையும் தானே வரைந்துவிட்டது. 1931-ல் அந்த முற்றத்தில் நின்ற குழந்தைகளுக்கு இல்லாத முகங்கள் அவை. எனக்கு அது பொறுக்கவில்லை.

கறுப்பைச் சரிசெய்ய, பரிசு அறிவிப்புச் சுவரொட்டியின் மேல் கொலைகாரனின் நிழல் விழும் காட்சியைப் பயன்படுத்துங்கள். நிழல் அழுத்தமாக இருக்க வேண்டும். அதன் அடியில் உள்ள அச்செழுத்துகளையும் படிக்க முடிய வேண்டும். இரண்டும் ஒன்றாக நிற்கும் இடத்தில் கையை எடுத்துவிடுங்கள்.

ஒலி

இனி அந்த இரண்டு வாரக் கதை. காசெட்டில் தெருக் காட்சிகளின் பின்னால் வண்டிச் சத்தமும் தெரு இரைச்சலும் மங்கலாகக் கேட்டன. பாவம், பழைய ஒலித்தடம் என்று இரக்கப்பட்டு ஒவ்வொன்றாகச் சத்தத்தைக் கூட்டித் தேற்றினேன். பதினைந்தாம் நாள் புளூ-ரேயைப் போட்டுப் பார்த்தால், அதே காட்சியில் ஒரு சத்தமும் இல்லை. இது லாங்கின் முதல் பேசும் படம். பல பகுதிகளில் ஒலியை முற்றிலும் நிறுத்திவைத்திருக்கிறார். 1960-ல் ஜெர்மனியில் படத்தைச் சுருக்கி மீண்டும் வெளியிட்டவர்கள், அந்த மௌனங்களில் சத்தம் சேர்த்தார்கள். பேராசிரியர் பதிவு செய்தது அந்தப் பிரதியை. மூன்றாவது பத்தி என்று நினைத்து நான் தேற்றியது இரண்டாவது பத்தியின் சரக்கு.

நீக்கிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீக்கவில்லை. வசனத்தோடு கலந்த இடங்களில் அதைப் பிரிக்க முடியாது. ஓரிடத்தில் நீக்கி ஓரிடத்தில் விட்டால் 1931-க்கும் சேராது, 1960-க்கும் சேராது. இந்த நாடா 1960 பிரதியின் பதிவு. அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். தேற்றியதை மட்டும் திரும்ப இறக்கினேன்.

நீக்க வேண்டியவை வேறு. 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரத்தையும் அதன் மடங்குகளையும் குறுகிய வெட்டில் எடுங்கள். 15,625 ஹெர்ட்ஸில் தொலைக்காட்சிப் பெட்டியின் மெல்லிய கீச்சொலி இருக்கலாம், அதையும் எடுங்கள். வயதானவர்களுக்கு அது கேட்காது. வீட்டில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சீறலைக் குறைக்க மாதிரி தேடும்போது, படத்துக்குள் இருக்கும் அமைதியை எடுக்காதீர்கள். படம் தொடங்குவதற்கு முன்னால் நாடாவில் சத்தமில்லாமல் ஓடும் சில நொடிகளை எடுங்கள். 6 டெசிபல் குறைத்தால் போதும்.

அமைதி வந்ததும் ஒலியை அடியோடு மூடும் கேட் ஃபில்டரை இந்தப் படத்தில் போடவே கூடாது. எல்ஸியின் தாய் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். திரையில் வெறும் மாடிப்படி, ஆளில்லாத பரண், மேசையில் சாப்பிட ஆளில்லாத தட்டு. கூப்பிடும் குரலின் வால் மெல்லத் தேய்ந்து போவதில்தான் அந்தக் காட்சியின் உயிர் இருக்கிறது. கேட் அந்த வாலை வெட்டிவிடுகிறது. பீட்டர் லோரே நடித்த கொலைகாரப் பாத்திரம் அடிக்கும் விசிலிலும் அப்படித்தான். இசையமைப்பாளர் கிரீக்கின் 'பீர் ஜின்ட்' இசையிலிருந்து வரும் அந்த மெட்டு தூரத்தில் தொடங்குகிறது. கண் தெரியாத பலூன்காரர் அதைக் கேட்டுத்தான் கொலைகாரனை அடையாளம் காண்கிறார். முதல் இரண்டு சுரத்தை ஃபில்டர் விழுங்கிவிட்டால் துப்பே போய்விட்டது.

சேமித்து வைப்பது

கை வைக்காத மூல ஏற்றத்தை, இதுவும் இழப்பில்லாததான எஃப்எஃப்வி1 முறையில், இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். அடுத்த பத்தாண்டில் இதைவிட நல்ல ஃபில்டர் வரும். அப்போது தேவைப்படப்போவது மூலம்தான். பார்ப்பதற்கான பிரதியை, கோப்பைச் சுருக்கும் எக்ஸ்264-ல், தர அளவு 16-ல் செய்தேன். வெளியே ஏற்றிப் பகிராதீர்கள். லாங் 1976-ல் மறைந்தார். ஐரோப்பியச் சட்டப்படி இறந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டு உரிமை உண்டு. இது வீட்டுக்குள் செய்து வீட்டுக்குள் பார்க்கும் வேலை.

பேராசிரியரிடம் காசெட்டையும் ஒரு பென் டிரைவையும் திருப்பிக் கொடுத்தபோது, உள்ளே ஒரு குறிப்புக் கோப்பும் வைத்தேன். நீங்களும் வைக்க வேண்டும். என்னுடையதில் இருப்பது இவ்வளவுதான்: 'தொலைக்காட்சிப் பதிவு, விஎச்எஸ். சுருக்கப்பட்ட 1960 பிரதி. தெருச் சத்தங்கள் பிற்சேர்க்கை. மேலும் கீழும் படம் வெட்டுப்பட்டுள்ளது. வேகம் 25-லிருந்து 24-க்கு இறக்கப்பட்டது. 600 பிரேம்களில் தூசி கையால் நீக்கப்பட்டது. பட்டியல் அடுத்த பக்கத்தில்.'